'பாய்ல்' என்ற சொல்லை எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது

சில வருடங்களுக்கு முன்னால் மின்கெட்டில் ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழில் எழுதித் தரும் வேலை வந்தது. எட்டே பக்கம், ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் 'டூ நாட் அலவ் த கெட்டில் டு பாய்ல் டிரை' என்று ஓர் எச்சரிக்கை. பாய்ல் என்றால் கொதி, டிரை என்றால் உலர், சரி, 'கெட்டிலை உலர்ந்து கொதிக்க விடாதீர்கள்' என்று எழுதி அனுப்பியும்விட்டேன். சரிபார்த்தவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பினார். கெட்டில் எப்படிக் கொதிக்கும், அதிலும் உலர்ந்து எப்படிக் கொதிக்கும் என்று கேட்டால் எழுதிய எனக்கே பதில் தெரியவில்லை. அவர்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான்: தண்ணீர் முழுக்க வற்றி கெட்டில் வெறுமனே காயும்படி விட்டுவிடாதீர்கள்.

பாய்ல் கடினமான சொல் இல்லை. எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் அகராதியைப் புரட்டிப் பார்ப்பதில்லை, தப்பும் அங்கேதான் நடக்கிறது.

முதலில் உச்சரிப்பை முடித்துவிடலாம். நம்மில் பலர் 'பாயில்' என்று இரண்டு அசையாக இழுக்கிறோம், அது பாயில் படுத்தேன் என்கிற பாயில். 'ய்'யையும் 'ல்'லையும் ஒட்டி ஒரே மூச்சில் 'பாய்ல்' என்றால் போதும். இறந்தகாலம் 'பாய்ல்ட்', கடைசியில் ஒரு மெல்லிய 'ட்' ஒலி, 'பாய்லெட்' இல்லை. வினை மாறுதல்களும் சுலபம்: பாய்ல், பாய்ல்ட், பாய்ல்ட், பாய்லிங். இதில் பொறி எதுவும் இல்லை.

பொறி பொருளில் இருக்கிறது. தண்ணீர் கொதிக்கிறது, பாலைக் காய்ச்சுகிறோம், முட்டையை அவிக்கிறோம், உருளைக்கிழங்கை வேக வைக்கிறோம். நான்கு வேலை, நான்கு வினைச்சொல். ஆங்கிலத்தில் நான்குக்கும் பாய்ல்தான். வாட்டர் பாய்ல்ஸ், பாய்ல் த மில்க், பாய்ல் அன் எக், பாய்ல் த பொட்டேட்டோஸ். இதை வைத்து ஆங்கிலத்தில் சொல்வளம் குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம், அவர்கள் வேறு இடத்தைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பாய்லின் வேர் லத்தீனின் 'புல்லிரே', அதாவது குமிழி விடுதல். 'புல்லா' என்றால் குமிழி. லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக அந்தச் சொல் பார்ப்பது பாத்திரத்தில் எழும் குமிழியை. தமிழ்ச் சொற்கள் பார்ப்பது பொருளுக்கு என்ன ஆகிறது என்பதை. கிழங்கு மெத்தென்று ஆனால் வெந்தது, பால் பக்குவப்பட்டால் காய்ந்தது, தண்ணீர் தளதளவென்றால் கொதித்தது.

இதை மனசில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான குழப்பம் தீரும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: திரவத்தில் குமிழி எழுகிறதா? எழுந்தால் பாய்ல், இல்லையென்றால் வேறு சொல்லைத் தேடுங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது கேள்வியைத் திருப்பிக்கொள்ளுங்கள்: உள்ளே இருப்பதற்கு என்ன ஆகிறது?

எண்ணெயில் இதைப் பார்த்துவிடலாம், அதிகம் பேர் வழுக்குவது அங்கேதான். 'எண்ணெய் காய்ந்ததும்' என்பதை 'வென் த ஆயில் பாய்ல்ஸ்' என்று எழுதுகிறார்கள். பால் காய்வதற்கு பாய்ல் சரி என்றால் எண்ணெய் காய்வதற்கும் அதுதானே என்ற கணக்கு. ஆனால் அடுப்பில் இருக்கும் எண்ணெய் கொதிப்பதே இல்லை. கொதிக்கும் அளவு சூடேறுவதற்கு ரொம்ப முன்னாலேயே புகைந்து, கருகி, தீப்பிடிக்கிற நிலைக்குப் போய்விடும். அப்படியானால் எதையாவது போட்டதும் சடசடவென்று குமிழி வருகிறதே என்பீர்கள். அது எண்ணெயின் குமிழி இல்லை, போட்ட பொருளில் இருந்த ஈரம் ஆவியாகி வெளியே பாய்வது. ஈரம் தீர்ந்தால் குமிழியும் அடங்கும், பொரிப்பவர்கள் எடுக்கும் பதத்தைப் பார்ப்பதும் அதை வைத்துத்தான். ஆகவே 'ஹீட் த ஆயில்', 'வென் த ஆயில் இஸ் ஹாட்'. ஆங்கிலக்காரர்களே பேச்சுவாக்கில் 'பாய்லிங் ஆயில்' என்று சொல்வதுண்டு, கதைகளில் கோட்டைச் சுவரிலிருந்து ஊற்றுவார்கள். நீங்கள் சமையல் குறிப்பு எழுதுகிறீர்கள், கோட்டையைக் காக்கவில்லை.

அடுத்தது 'அவி'. தண்ணீரில் முங்க வைத்து அவித்தாலும் அவித்தல், தட்டில் வைத்து ஆவியில் அவித்தாலும் அவித்தல், தமிழுக்கு இரண்டும் ஒன்று. ஆங்கிலத்துக்கு இல்லை. பொருள் திரவத்துக்குள் கிடந்தால் பாய்ல், திரவத்துக்கு மேலே ஆவியில் இருந்தால் ஸ்டீம். கீழே தண்ணீர் பாய்ல் ஆகிறது, மேலே இருப்பது ஸ்டீம் ஆகிறது, ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வினை.

'வேகு'வும் அப்படித்தான் காலை வாரும். கொதிநீர் கொட்டி கை வெந்துபோனால் 'மை ஹேண்ட் காட் பாய்ல்ட்' என்று சொல்லிவிடாதீர்கள், கேட்பவர் கையைச் சட்டியில் போட்டு வேக வைத்ததாகக் கற்பனை செய்துகொள்வார். கொதிநீராலோ ஆவியாலோ வெந்தால் அது ஸ்கால்ட், நெருப்பாலோ சுட்ட இரும்பாலோ என்றால் பர்ன். தமிழில் பொதுவாகச் சூடுபட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆங்கிலத்தில் எதனால் என்று சொல்லியாக வேண்டும்.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான். தண்ணீர் கொதிக்கிறது, நான் கொதிக்க வைக்கிறேன். கிழங்கு வேகிறது, நான் வேக வைக்கிறேன். பால் காய்கிறது, நான் காய்ச்சுகிறேன். தானாக நடப்பதற்கு ஒரு வடிவம், நாம் நடத்துவதற்கு இன்னொரு வடிவம். ஆங்கிலம் இந்தத் தொல்லையே படுவதில்லை. 'த வாட்டர் இஸ் பாய்லிங்', 'ஐ ஆம் பாய்லிங் த வாட்டர்', இரண்டிலும் அதே சொல்தான், யார் முன்னால் நிற்கிறார் என்பதை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியது. நாம் என்ன செய்கிறோம் என்றால், 'வைக்கிறேன்' என்பதற்கு ஏதாவது ஒரு சொல் வேண்டுமே என்று தவித்து 'மேக் த வாட்டர் டு பாய்ல்' என்று எழுதிவிடுகிறோம். வேண்டாம். 'பாய்ல் த வாட்டர்' என்றாலே கொதிக்க வை என்றுதான் பொருள்.

கெட்டில் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 'த கெட்டில் இஸ் பாய்லிங்' என்றால் உலோகம் கொதிக்கவில்லை, உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிக்கிறது. அடுப்பில் உலை கொதிக்கிறது என்று நாமும் சொல்கிறோமே, அதே வழக்குத்தான். அன்றைக்கு அந்த எச்சரிக்கையை எழுதும்போது உலை என்ற சொல் நினைவுக்கு வந்திருந்தால் அந்தக் கேள்விக்குறி விழுந்திருக்காது.

இன்னொரு தவறு கொஞ்சம் நுட்பமானது. 'தண்ணீர் கொதித்துவிட்டது, வா' என்று கூப்பிட 'த வாட்டர் இஸ் பாய்ல்ட்' என்கிறோம். அங்கே வர வேண்டியது 'த வாட்டர் ஹேஸ் பாய்ல்ட்', அல்லது இன்னும் கொதித்துக்கொண்டே இருந்தால் 'இஸ் பாய்லிங்'. 'பாய்ல்ட் வாட்டர்' என்பது எப்போதோ கொதித்து முடித்த தண்ணீர், இப்போது ஜில்லென்றுகூட இருக்கலாம். 'பாய்லிங் வாட்டர்' என்பது இந்த நிமிடம் தளதளவென்று கொதிப்பது. குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் குறிப்பில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெறுமனே சுடுகிற தண்ணீர் 'ஹாட் வாட்டர்', அது கொதித்திருக்க வேண்டும் என்றே அவசியம் இல்லை. காய்ச்சி வடித்த நீர் என்று அறிவியல் பாடத்தில் வருமே, அதில் 'காய்ச்சி' இருக்கிறது என்பதற்காக அதையும் பாய்ல்ட் வாட்டர் ஆக்கிவிடாதீர்கள். அது டிஸ்டில்ட் வாட்டர், ஆவியாக்கி மறுபடியும் குளிரவைத்துப் பிடித்தது. கொதிக்க வைத்த நீரில் கிருமி சாகும், உப்பும் உலோகமும் அங்கேயே இருக்கும், தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி கூடவும் செய்யும்.

இனி அடுப்புக்குப் பக்கத்தில் போவோம். ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் பாய்லுக்குள்ளேயே படிகள் உண்டு, அவற்றைக் கண்ணாலும் காதாலும் பிடிக்கலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நின்று பாருங்கள். முதலில் அடியிலும் ஓரத்திலும் ஊசிமுனை அளவில் முத்துமுத்தாக ஒட்டிக்கொண்டு வருபவை தண்ணீரில் கரைந்திருந்த காற்று, இன்னும் கொதி தொடங்கவில்லை. அப்புறம் ஒரு இரைச்சல் கேட்கும், கெட்டில் என்றால் நன்றாகவே கேட்கும். அடியில் உண்டாகும் ஆவிக் குமிழிகள் மேலே வரும் வழியில் சூடு குறைந்த தண்ணீரில் பட்டு நொறுங்கும் சத்தம் அது. பலர் அதைக் கேட்டதும் கொதித்துவிட்டது என்று அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். உண்மையில் கொதி வரும்போது அந்த இரைச்சல் தணியும், ஏனென்றால் தண்ணீர் முழுக்கச் சூடாகிவிட்டதால் குமிழிகள் உடையாமல் மேலே வந்து சேர்கின்றன. சத்தம் அடங்கி மேல்மட்டம் புரள ஆரம்பிக்கும் அந்தக் கணம்தான் பாய்ல்.

அங்கங்கே ஒரு குமிழி மெல்ல எழுந்து அடங்கினால் அது சிம்மர், சுமாராக 85 முதல் 95 டிகிரி செல்சியஸ். நாம் 'சிம்மில் வை' என்று சொல்வது இதன் மிச்சம்தான், என்ன, நமக்கு அது அடுப்பின் திருகு நிற்கும் நிலை, அவர்களுக்கு அது திரவத்தின் நிலை. அடுப்பு சிம்மில் இருந்தும் மூடிபோட்ட பாத்திரம் தளதளவென்று கொதிக்கலாம், அப்போது அது சிம்மர் இல்லை. கரண்டி போட்டுக் கிளறினாலும் அடங்காமல் குமிழி புரண்டுகொண்டே இருந்தால் 'ரோலிங் பாய்ல்'. தமிழில் 'தளதளவென' என்று போட்டால் கச்சிதமாகப் பொருந்தும். இந்தச் சொல்லைத் தெரிந்துவைத்திருப்பது அடுக்களைக்கு வெளியிலும் உதவும். குடிநீர் கெட்டுப்போயிருக்கலாம் என்று சந்தேகம் வரும்போது 'பாய்ல் வாட்டர் அட்வைசரி' என்று அறிவிப்பார்கள், அதில் சொல்லப்படுவது இந்த ரோலிங் பாய்லைத்தான். அந்தப் புரளும் நிலை வந்த பிறகு ஒரு நிமிடம், 6,500 அடிக்கு மேலே உள்ள இடமென்றால் மூன்று நிமிடம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. நிமிடக் கணக்கை இரைச்சல் கேட்டதிலிருந்து எண்ணத் தொடங்கினால் தப்பு.

உயரம் கூடினால் ஏன் நேரம் கூட வேண்டும்? மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீர் சீக்கிரமே கொதிக்கிறது, ஆனால் குறைந்த சூட்டில். கடல்மட்டத்தில் 100 டிகிரி, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறையும், எவரெஸ்ட் உச்சியில் 70 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். அங்கே குமிழி என்னவோ தளதளவென்றுதான் வரும், கிழங்கு மட்டும் வேகாது. பிரஷர் குக்கரில் இதற்கு நேர் எதிர், அழுத்தம் கூடி 120 டிகிரி வரை போவதால் வேலை சீக்கிரம் முடிகிறது. பாய்ல் என்றால் சுடும் என்பதுகூடக் கட்டாயம் இல்லை. திரவ நைட்ரஜன் கழித்தல் 196 டிகிரியில் கொதிக்கும், அறையில் ஒரு குவளையில் ஊற்றினால் புகைபோல வெண்பனி வழியக் கொதித்துக்கொண்டே இருக்கும், 'த நைட்ரஜன் இஸ் பாய்லிங்' என்று கூசாமல் எழுதலாம். குமிழிதான் கணக்கு என்று முன்னால் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். (உப்புப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொதிநிலை கூடத்தான் செய்யும், அதுவும் ஒரு லிட்டருக்கு 58 கிராம் கொட்டினால் ஒரே ஒரு டிகிரி.)

குறிப்புகளில் அடிக்கடி வரும் தொடர் 'பிரிங் டு த பாய்ல்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'த பாய்ல்', அமெரிக்க ஆங்கிலத்தில் 'எ பாய்ல்'. இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் கலக்காமல் இருந்தால் போதும். இதற்குத் தமிழில் 'கொதிநிலைக்குக் கொண்டு வரவும்' என்று அச்சில் பார்த்திருப்பீர்கள், அடுப்படியில் நின்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: 'ஒரு கொதி வந்ததும் இறக்கு'. இங்கே கொதி பெயர்ச்சொல், அந்த 'த பாய்ல்' அப்படியே. வித்தியாசம் என்னவென்றால் நாம் கொதியை எண்ணுவோம், இரண்டு கொதி வந்ததும், மூன்று கொதி விட்டு என்று. அதை ஆங்கிலத்தில் 'டூ பாய்ல்ஸ்' என்று எழுதினால் உடம்பில் இரண்டு கட்டி வந்திருக்கிறது என்று ஆகிவிடும், ஏனென்றால் பெயர்ச்சொல்லாக பாய்லுக்குச் சீழ்க்கட்டி என்றும் பொருள் உண்டு. எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருந்தாலும் அதற்கும் இதற்கும் சொந்தம் கிடையாது, இது பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் வேறு சொல். 'ஹி ஹேஸ் எ பாய்ல் ஆன் ஹிஸ் நெக்' என்றால் கழுத்தில் கட்டி, கொதி இல்லை.

பாய்லோடு ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொற்கள்தான் அடுத்த தலைவலி. 'பாய்ல் ஓவர்' பொங்கி வழிவது, பால் வைத்தவர் எல்லாருக்கும் தெரிந்தது. 'பாய்ல் அவே' வற்றிப்போவது. 'பாய்ல் டிரை' என் கதை. 'பாய்ல் டவுன்' என்றால் சுண்டக் காய்ச்சுவது, ஆனால் நீங்கள் இதை அடுப்படியில் சந்திப்பதைவிடக் கூட்டங்களில்தான் அதிகம் சந்திப்பீர்கள். 'இட் ஆல் பாய்ல்ஸ் டவுன் டு மனி' என்றால் பேச்சையெல்லாம் சுண்டக் காய்ச்சினால் அடியில் நிற்பது பணம். 'கடைசியில் எல்லாம் காசு விஷயம்தான்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம், 'இது அனைத்தும் பணத்திற்குக் கீழே கொதிக்கிறது' என்று ஓர் இயந்திர மொழிபெயர்ப்பு துப்பியதை என் கண்ணாலேயே பார்த்தேன். 'கோ ஆஃப் த பாய்ல்' என்றால் வேகம் விட்டுப்போவது. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் திடீரென்று சோபிக்காமல் போனால், ஒரு பிரச்சினையின் சூடு ஆறிப்போனால், இதைப் போடுவார்கள்.

கோபத்துக்கு வந்தால் நமக்குச் சிரமமே இல்லை. 'இட் மேக்ஸ் மை பிளட் பாய்ல்', ரத்தம் கொதிக்கிறது, இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆனால் 'ஐ ஆம் பாய்லிங்' என்று ஒருவர் மொட்டையாகச் சொன்னால் பெரும்பாலும் அவருக்குப் புழுக்கம் தாங்கவில்லை, ஜன்னலைத் திறந்துவிடுங்கள் என்று பொருள். உடம்பு கொதிக்கிறது என்று நாம் காய்ச்சலைச் சொல்வதுபோல அங்கே பாய்லிங் போட்டால் புரியாது, 'பர்னிங் அப்' என்பதுதான் அதற்கு. 'ஹார்ட் பாய்ல்ட்' முட்டையைப் பற்றியும் சொல்லலாம், ஆளைப் பற்றியும் சொல்லலாம். எதற்கும் அசையாத, உணர்ச்சியை வெளியே காட்டாத ஆள். 1920களில் அமெரிக்கத் துப்பறியும் கதைகளில் இப்படிப்பட்ட நாயகர்கள் கிளம்பி, அந்த வகைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 'சாஃப்ட் பாய்ல்ட்' என்று ஆளைச் சொல்வதை நான் பார்த்ததில்லை, அது முட்டைக்கு மட்டும், ஆறு நிமிடத்தில் எடுத்தால் மஞ்சள் கரு வழியும். பன்னிரண்டு நிமிடம் விட்டால் அது ஹார்ட்.

கடைசியாக 'பார்பாய்ல்'. பாதி வேக்காட்டில் எடுப்பது. 'பார்' என்றால் 'பார்ட்', பாதி, ஆகவே பாதி வேகவைத்தல் என்று ஆங்கிலேயர்களே நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது பழைய பிரெஞ்சு வழியாக வந்த லத்தீனின் 'பெர்', முழுக்க என்று பொருள். ஆதியில் பார்பாய்ல் என்றால் நன்றாக, முழுசாக வேக வைத்தல். கேட்ட ஒலியை வைத்துத் தப்பாகப் பொருள் பண்ணி, அந்தத் தப்பையே எல்லாரும் சொல்லிச் சொல்லி, பொருள் தலைகீழாகி, இன்றைக்கு அகராதியிலும் பாதி வேக்காடுதான் முதல் பொருள். என் 'உலர்ந்து கொதிக்க'வை மட்டும் ஒரே கேள்விக்குறியில் முடித்துவிட்டார்கள்.